கை நனைக்கிற பால்

விடிவதற்குள் சரளா இரண்டு கைகளையும் முழங்கை வரை பாலில் முக்கி எடுத்துவிட்டாள். பாலி ஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூரைக் குடிலின் வாசலில் வாளி நிறையப் பால். வரிசைக்கு ஒருமுறை முக்கவேண்டும். ஒரு செடியின் நோய் கைவழியாக இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாது என்பது முதலாளி ஷ்யாம்சுந்தரின் சட்டம். பெரும்பாக்கம் குடியிருப்பில் அவள் பிள்ளைகள் பால் இல்லாத டீயைக் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போவார்கள். முதல் வாரம் இதை நினைத்து அழுதாள். இப்போது எதுவும் தோன்றுவதில்லை.

முடிச்சூரில் மண்ணே இல்லாத விவசாயம் அது. தேங்காய்நார்த் தூளும் மண்புழு உரமும் அடைத்த பைகளில் குடைமிளகாய்ச் செடிகள். பக்கக் கிளையைக் கிள்ளி, மேலிருந்து தொங்கும் கயிற்றில் தண்டைச் சுற்றிவிட வேண்டும். வரிசைக்கு இருநூறு செடி. பத்து மணிக்கெல்லாம் கூரைக்கடியில் மூச்சு வெந்தது. குடிதண்ணீர் வெளியே இருந்தது. சாப்பாட்டு நேரம் வரை யாரும் வெளியே போகக் கூடாது.

பதினொரு மணிக்கு, பக்கத்து வரிசையில் காந்திமதி கயிற்றைப் பிடித்தபடியே சரிந்தாள். இரண்டு செடிகள் முறிந்தன.

"யக்கா! இன்னா ஆச்சு?" யூனிஸ் கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

சரளா பதறவில்லை. வாசலுக்கு உள்பக்கம், மதியம் வாளியில் மாற்றுவதற்கு வைத்திருந்த பால் கேனைத் தூக்கிவந்தாள். மூடியில் ஊற்றி, காந்திமதியின் வெடித்த உதட்டில் வைத்தாள். மூன்று மூடி இறங்கியது.

காந்திமதி கண் திறந்தாள். "சக்கர போடலியாடி?"

அதற்குள் ஷ்யாம்சுந்தர் வந்துவிட்டார். குரலை உயர்த்துகிற ஆள் இல்லை.

"அக்கா, அது செடிக்கு வச்ச பால்."

"மயங்கிட்டாங்க சார்."

"எனக்கு ஃபோன் பண்ணியிருக்கலாமே?"

"ஃபோனத்தான் வாசல்லயே வாங்கி வச்சிக்கினீங்களே சார்" என்றாள் யூனிஸ்.

"உங்ககிட்ட பேசலை." அவர் சரளாவைப் பார்த்தார். "கேட்காம எடுத்தா அது திருட்டு. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். நாளையிலேருந்து வர வேணாம்."

சரளா தலையாட்டினாள். பெரும்பாக்கத்துக்குக் குடிவந்த பிறகு இது மூன்றாவது வேலை. முந்தைய இரண்டு போனபோதும் இப்படித்தான் ஆட்டினாள். சாப்பாட்டுப் பையை எடுக்கத் திரும்பினாள்.

"கைய கழுவினா மருந்து, வாயில ஊத்தினா திருட்டா?" தரையில் உட்கார்ந்தபடியே காந்திமதி கேட்டாள்.

யூனிஸ் மூடியில் பாலை ஊற்றி மடக்கென்று குடித்தாள். "நானும் திருடிட்டேன் சார். பேர எழுதிக்கோங்க."

அஞ்சலி தயங்கினாள். அவள் புருஷன் கால் முறிந்து படுத்திருந்தான். மூடியை வாங்கி அவளும் குடித்தாள். பிறகு மூடி கைமாறிக்கொண்டே போனது.

"உள்ள தண்ணி வைங்க. தல சுத்துனா வெளிய வுடுங்க. நாளிக்கு சரளாவும் வரும்" என்றாள் காந்திமதி. "அப்பறந்தான் கை நனைப்போம்."

எட்டுப் பேரும் வெளியே வந்து பாலி ஹவுஸ் நிழலில் உட்கார்ந்தார்கள். தாம்பரம் பக்கமிருந்து ஒரு விமானம் இரைந்து போனது. அது அடங்கியதும் ஷ்யாம்சுந்தரின் குரல் கேட்டது. ஆள் அனுப்பும் ஏஜென்டிடம் ஃபோனில் நாளைக்கு வேறு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கேந்து வருவாங்க? நம்ம பிளாக்குலேந்துதான்" என்றாள் யூனிஸ். "சாயந்திரம் வூடு வூடாப் போய், யாரும் வராதீங்கன்னு சொல்லிட்டு வந்துடலாம்."

அஞ்சலி கேனைக் கவிழ்த்து, மிச்சத்தை மூடியில் வடித்துச் சரளாவிடம் நீட்டினாள். "நீ மட்டுந்தான் இன்னும் குடிக்கல."

சரளா குடித்தாள். பால் வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று மாதமாகக் கைக்கு மட்டும் தெரிந்திருந்த பால் நாக்குக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாலி ஹவுஸ் கதவு சாத்தியிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சரளா சாப்பாட்டுப் பையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.