கடல் பக்கத்து ஆப்பு

அமலதாஸ் நட்ட கம்பு சாயாது என்று திண்டிவனத்தில் இன்றும் சொல்வார்கள். மரக்காணம் ரோட்டில் சவுக்குக் கம்பு டிப்போ வைத்திருந்தவர். கல்யாணப் பந்தலோ மாட்டுக் கொட்டகையோ, அவர் வீட்டுக் கம்பு என்றால் காற்றே சுற்றிக்கொண்டு போகும் என்று பேச்சு. அவருக்குப் பிறகு டிப்போவும் அந்தப் பேரும் மருமகள் இருதயசெல்வியின் கைக்கு வந்தன. எழுபதைத் தாண்டியும் நாற்காலியில் முதுகு சாய்க்காதவள். டிப்போவை விடப் பேரைத்தான் அவள் அதிகம் காவல் காத்தாள்.

கார்த்திகைப் புயல் மரக்காணத்துக்கு வடக்கேயுள்ள குப்பத்துக் கடற்கரையைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிற்று. டீ, சுண்டல், வறுத்த மீன், பலூன் என்று வரிசையாக நின்ற கடைகளில் ஒரு கீற்றுகூட மிச்சமில்லை. அடுப்பும் பாத்திரமும் வாங்கித் தருவதாகப் பங்குக் கோவிலில் முடிவானது.

"கம்பு எங்க வீட்டுது," என்று எழுந்து நின்று சொன்னாள் இருதயசெல்வி. "காணும் பொங்கலுக்குள்ள கடைங்க நிக்கும்."

காணும் பொங்கல் கூட்டம்தான் அந்தக் கடைக்காரர்களுக்கு வருஷத்துச் சோறு. அதை விட்டால் அடுத்த கோடை வரை பட்டினிதான்.

மார்கழிக் கடைசியில் மகன் லூர்து பிரகாஷ் லாரியில் கம்புகளை ஏற்றி வந்தான். அவள் முன் சீட்டிலிருந்து இறங்கி, தண்ணீருக்குக் கிட்டத்தில் கையை நீட்டினாள்.

"அங்க நடுங்க. எங்க மாமனாரு நட்ட வரிசை அங்கதான் இருந்தது."

பழைய புயல் ஒன்றுக்குப் பிறகு அமலதாஸும் இதே கடற்கரைக்குக் கம்பு கொடுத்தவர். அந்தக் கதை குடும்பத்தில் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லப்படும்.

வறுத்த மீன் கடை பொன்னி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அங்கயா? சவுக்குத் தோப்பு ஓரமா மேட்டுல போட்டா ஆவாதுங்களா அம்மா?"

"அங்க போனா உன் மீனை யாரு தின்ன வருவா?"

"வர்றவன் வாசனை புடிச்சுக்கினு வருவான். அந்த வரிசை இன்னா ஆச்சுன்னு உங்க வீட்டுல சொல்லலீங்களா?"

"ரோடு வந்தப்போ கடைங்களை எடுத்துட்டாங்க."

"எடுத்தது கடலுங்க." பொன்னி குரலை உயர்த்தவில்லை. "காத்தில்ல, மழையில்ல, நல்ல வெயில் நேரம். தண்ணி சும்மா எழுந்து வந்துச்சாம். எங்க பெரியம்மா கடைக்குள்ள படுத்துக்கினு இருந்தாங்க. அமலதாஸு கம்பாச்சே, ஆடாதுன்னு நம்பி எழுந்திருக்கலயாம்."

வரிசையை மேட்டுக்கு மாற்றினால் அன்று மாமனாரின் கம்பு சாய்ந்தது என்று இருதயசெல்வியே ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடும். அவள் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது.

"பேசிக்கினே இருக்காதீங்க. ஜல்தியா தோண்டுங்க," என்றாள்.

குழி தோண்ட வந்த செல்வகுமார் கடப்பாரையை இறக்கினான். முழங்கை ஆழம் போனதும் குனிந்து எதையோ எடுத்தான்.

"குருத்தோலைங்க."

ஓலையில் மடித்த சிறிய சிலுவை. குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் மந்திரித்து, வருஷம் முழுக்க வீட்டுப் பீடத்தில் வைத்திருப்பது. யாருக்குக் கொட்டகை போட்டாலும் முதல் காலின் குழியில் அப்படி ஒன்றை இடுவது அமலதாஸ் வீட்டு வழக்கம். இருதயசெல்வியின் கைப்பையில்கூட அதற்காக ஒன்று இருந்தது, காய்ந்து பழுப்பேறி.

செல்வகுமார் கையில் இருந்தது காயவில்லை. அன்று காலை மரத்திலிருந்து இறக்கியது போல வெளிர் மஞ்சளாகப் பளபளத்தது. இன்னும் தவக்காலமே வரவில்லை. இந்தக் காலத்தில் யார் குருத்தை மடிக்கிறார்கள்?

அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். குறுக்கோலையைப் பின்னால் சுற்றி, நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகிய மடிப்பு. ஊரில் மற்றவர்கள் நுனியை விட்டுவிடுவார்கள். இப்படிச் செருகுவதை அவளுக்குக் காட்டிக் கொடுத்தவர் மாமனார்.

"தள்ளித் தோண்டு."

அடுத்த குழியிலும் ஒன்று இருந்தது. அதற்கடுத்ததிலும். எல்லாம் புதுசு. எல்லாம் ஈரம். வரிசை நெடுக ஒரு கடைக்கு ஒன்றாக யாரோ அப்போதுதான் இட்டுவிட்டுப் போனது போல இருந்தன. முதலில் கிண்டலடித்துக்கொண்டிருந்த செல்வகுமார் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அம்மா, எனக்கு என்னவோ பேஜாரா இருக்குது," என்றான் லூர்து பிரகாஷ். "மேட்டுலயே போட்டுடலாமே."

"உங்க தாத்தா போட்ட இடம்டா இது."

முதல் குழியில் தன் பையிலிருந்த சிலுவையை இட்டாள். வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி கம்பை இறக்கினார்கள். அடிப்பக்கம் பூசிய நீலப் பட்டை, டிப்போவின் அடையாளம், மணலுக்குள் மறைந்தது. அவளே ஒரு பிடி மணலைத் தள்ளினாள். மணலை இறுக இடித்து முடித்தபின் எல்லோரும் கோவில் கூடத்துக்குச் சாப்பிடப் போனார்கள். கடற்கரையில் ஒருவரையும் விட்டு வைக்கவில்லை. இருதயசெல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பொன்னியும் சாப்பிட்டாள்.

திரும்பி வந்தபோது குழி இருந்தது. கம்பு இல்லை.

"அதோ," என்றான் செல்வகுமார்.

மேட்டில், சவுக்குத் தோப்பின் ஓரத்தில், பொன்னி கேட்ட இடத்தில் கம்பு நின்றது. நேராக, நூல் பிடித்தது போல நின்றது. காய்ந்த மணல் மேட்டில் அதன் அடியைச் சுற்றி மட்டும் மணல் கறுத்து நனைந்திருந்தது.

லூர்து பிரகாஷ் ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. "யாரு வேலை இது? பொன்னி அக்கா, உங்க ஆளுங்களா?"

"எங்க ஆளுங்க எல்லாம் உங்க சாம்பாருல முழுகிக்கினு இருந்தாங்க. நீதானே ஊத்தின?" என்றாள் பொன்னி. ஆனால் அவளும் கம்புக்குக் கிட்டே போகவில்லை.

இருதயசெல்வி போனாள். கம்பைச் சுற்றிப் பனைமட்டை ஆப்புகள் இறங்கியிருந்தன. அவர்கள் ஆப்பே கொண்டுவரவில்லை. கடைசி ஆப்பு கடல் பக்கம். அதன் தலைமேல் ஈர மணலில் ஒரு குதிகால் தடம். முன்பாதம் பதியவில்லை. குதிகால் மட்டும்.

அமலதாஸுக்கு இடது காலில் விரல்கள் கிடையாது. ஒருமுறை மரம் விழுந்து நசுங்கிப் போயின. கடல் பக்கத்து ஆப்பைக் கடைசியாக இறக்கி, சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் குதிகாலால் ஒரு மிதி மிதிப்பார். அவள் புதுப்பெண்ணாக வந்த வருஷம் டிப்போவின் கொட்டகைக்கு அவர் அப்படி மிதித்ததைப் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடிருப்பவள் அவள் ஒருத்திதான்.

அவருடைய வரிசை விழுந்ததை அவரே வந்து சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

அவள் முந்தானையை இழுத்துச் செருகித் திரும்பினாள்.

"நான்தான் மாத்தி நடச் சொன்னேன்."

"எப்பம்மா சொன்னீங்க? எங்ககூடதான சாப்டுக்கினு இருந்தீங்க?" என்றான் செல்வகுமார்.

"சொன்னேன்னா சொன்னேன். டிப்போ ஆளுங்க வந்து நட்டுட்டுப் போயிட்டாங்க. மத்ததையும் இந்த வரிசையிலேயே நடுங்க."

பொன்னி கீற்றுக் கட்டைத் தூக்க ஆள் கூப்பிட்டாள்.

காணும் பொங்கலன்று திண்டிவனம், செஞ்சி, வல்லம் பக்கத்திலிருந்தெல்லாம் வேன்கள் வந்தன. பொன்னியின் கல்லில் வஞ்சிரம் ஒரு நொடி சும்மா கிடக்கவில்லை. இருதயசெல்வி கடை ஓரத்து நாற்காலியில் முதுகு சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

உச்சி வெயிலில் காற்று நின்றது. கூட்டத்தின் இரைச்சல் தூரத்தில் கேட்பது போலத் தேய்ந்தது. கடல் சத்தமில்லாமல் எழுந்து நடந்து வந்தது. நனைந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். மூடாமல் விட்ட பழைய குழிகளைத் தண்ணீர் வரிசையாக நிரப்பிற்று. ஒவ்வொரு குழியின் முன்னாலும் கணக்குத் தீர்ப்பது போல ஒரு கணம் நின்றது. பிறகு பின்வாங்கியது. செருப்புகளும் பலூன்களும் மட்டும் போயின.

பொன்னி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "உங்க வீட்டுக் கம்பு சாயலீங்க அம்மா," என்றாள்.

"என்னைக்கும் சாஞ்சதில்ல," என்றாள் இருதயசெல்வி.

சொல்லிக்கொண்டே எழுந்து முதல் கம்பின் அருகில் போனாள். தண்ணீர் அவ்வளவு தூரம் வரவில்லை. ஆனால் கடல் பக்கத்து ஆப்பின் தலை நனைந்திருந்தது. அதன்மேல் குதிகால் தடம், புதிதாக, இன்னும் நீர் கசிந்துகொண்டிருந்தது.

ஜனங்கள் மறுபடி கடைகளை நோக்கி வரத் தொடங்கினார்கள். இருதயசெல்வி புடவைக் கொசுவத்தை அதன்மேல் விழும்படி சரிசெய்து, கம்பை ஒட்டி நிமிர்ந்து நின்றாள். லூர்து பிரகாஷ் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. கூட்டம் கலைந்து, அந்த ஈரம் முழுக்கக் காயும்வரை அங்கேயே நின்றாள்.