செவலைக்குத் தினம் ஒரு மாத்திரை

லோகநாயகி முதல் நாயைப் பறிகொடுத்தது எண்பத்தொன்றாம் வருஷ மழைக்காலத்தில். இருமி இருமி, வயிறு உப்பி, மூச்சுக்குத் தவித்துச் செத்தது. பொன்னேரி மாட்டாஸ்பத்திரி டாக்டர் விவரம் கேட்டுவிட்டு, "கொசு கடிச்சு நெஞ்சுல புழு வெச்சிருக்கும்மா" என்றார். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் கொசுவுக்கா பஞ்சம்?

அடுத்து வந்த குட்டி செவலையை மீன்கூடையில் வைத்து அவரிடமே தூக்கிப்போனாள். புழு வராமலிருக்க அவர் எழுதிக்கொடுத்தது, மனிதர்களுக்கு யானைக்கால் நோய்க்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான், தினம் ஒன்று. "நடுவுல விட்டுட்டா மறுபடி நீயா குடுக்காதே. ரத்தம் பாக்கணும். புழுக்குஞ்சு இருந்தா மாத்திரையே நாயைக் கொன்னுடும்" என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அதை அவள் புருஷன் அங்கமுத்துவிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பாள்.

சொல்லாமல் என்ன செய்வாள்? முதல் பஸ்ஸில் மீன் விற்கப் போகிறவள் அவள். வலையோடு காலையில் கரைக்குத் திரும்புகிறவன் அவன். மடவை மீன் துண்டுக்குள் மாத்திரையைத் திணித்து நாய்க்குப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கே குப்பத்து ஆண்கள், "நர்சம்மா வருது பாரு" என்று அவனைக் கிண்டல் செய்தார்கள்.

"குடுத்தியாயா?"

"குடுத்தேன்மே. தெனம் இன்னா இதே கேள்வி?"

டப்பாவில் மாத்திரை குறைந்துகொண்டுதான் வந்தது. தீரத் தீர அவளே வாங்கி வந்து நிரப்பினாள். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. தை மாதம் செவலை லேசாக இருமியபோது, "பனிக்காத்துமே" என்றான். இந்த மனிதனை நம்பினாளே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் பஸ் ஓடவில்லை. வீட்டிலிருந்த லோகநாயகி, இன்றைக்கு நாமே கொடுப்போம் என்று டப்பாவைத் திறந்தாள். வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த அங்கமுத்து நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, பேசாமல் குனிந்துகொண்டான். செவலை வாலை ஆட்டிக்கொண்டே விழுங்கியது.

அரை மணி நேரத்தில் வாந்தி. பிறகு கால் மடங்கி, ஈறு வெளுத்து, மணலில் சாய்ந்தது. மடியில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். பஸ் இல்லாமல் பொன்னேரிக்கு எப்படிப் போவாள்? செவலை அவள் கையை ஒரு தடவை நக்கிவிட்டு அடங்கிப்போனது.

"நான் குடுக்கலமே" என்றான் அங்கமுத்து. "மொத மாசம் போட்டேன். துப்பித் துப்பிப் போட்டுச்சு. அப்பறம் தெனம் எடுத்து ஏரில வீசிட்டேன்."

பஸ்ஸில் இடிபட்டு அவள் வாங்கி வந்த மாத்திரையெல்லாம் ஏரித் தண்ணீரில்.

"நான் டப்பா தொறக்கறப்ப நீ இங்கதானேயா குந்தினு இருந்த? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவன் வலை ஊசியைக் கீழே வைத்தான்.

"நீ கத்துவியேன்னு..."

கத்துவதற்குத்தான் லோகநாயகி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மாத்திரை வைத்த மீன் வாசனை இன்னும் அவள் விரலில் இருந்தது.