படியில் வைத்த கால்

தன் சொந்த ஜானிஸாரிப் படையைத் துருக்கிச் சுல்தான் துடைத்தெறிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த குறி, அந்தப் படைக்குக் குருமாராக இருந்த பெக்தாஷி தர்வேசுகள் என்னும் சூஃபித் துறவிகள். உஸ்குதார் மடத்தை இடித்தாயிற்று. பிடிபட்டவர்கள் நீதிபதியான காஜியின் மார்க்கக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் வீடு. தவறினால் விலங்கோடு தொலைதூரக் கைஸேரிக்கு நடை.

பிடிபட்டவர்களில் ஒருவனான செஃபெருக்குக் காசநோய். அத்தனை தூரம் நடந்தால் வழியிலேயே போய்விடுவான். நீதிமன்ற வாசலுக்கு வெளியே அவன் அக்கா நெஃபீஸே உள்ளே காதைக் கொடுத்து நின்றாள்.

"சுபுஹு தொழுகை எத்தனை ரக்அத்து?" என்றார் காஜி.

"நாலுங்க. சுன்னத்து ரெண்டு, ஃபர்ளு ரெண்டு."

"மது?"

"வயித்துக்கு ஒத்துக்காதுங்க."

'வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடா பாவி!' என்று மனதுக்குள் அலறினாள் நெஃபீஸே. நல்லவேளை, காஜி சிரித்துவிட்டார்.

"பொழச்சுப் போ."

செஃபெர் வாசலுக்கு வந்தான். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. தலை தாழ்ந்தது. நிலைப்படியில் பாதம் படாமல் காலை உயர்த்தித் தாண்டினான்.

"நில்லுடா!" என்றான் குமாஸ்தா. "படியில என்ன, பாம்பா படுத்திருக்கு? காஜியாரே, பெக்தாஷிதான் படியப் புனிதம்னு மிதிக்க மாட்டான். இவன் உள்ள போயி, மிதிச்சுட்டு வரட்டும்."

மறுபடி தாண்டி உள்ளே போய்த் திரும்பியவன் படிக்கு முன்னால் மரமாக நின்றான்.

"மிதிடா தம்பி... வெறும் மரம்டா!"

"முடியலக்கா."

அவளும் பிறந்ததிலிருந்து எந்தப் படியையும் மிதித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலையும் நிலைப்படியில் அழுத்தி வைத்தாள்.

"பாருங்க ஐயா! எங்க வீட்டுல எல்லாரும் மிதிப்போம். இவனுக்கு முழங்கால் வலி, அவ்வளவுதான்!"

"நீ மிதிச்சது சரிம்மா," என்றார் காஜி. "அவன் மிதிக்கட்டும்."

அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் பாதம் ஒரு விரற்கடை எழும்பியது. அந்தரத்திலேயே நின்றது. பிறகு முழங்கால் மடிந்தது. அக்காவின் பாதங்களுக்கு நடுவே தெரிந்த மரத்தில் குனிந்து முத்தமிட்டான்.

விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

"படிய விட்டு எறங்கும்மா," என்றான் காவலன். "வழிய மறிக்காத."

அவள் இறங்கவில்லை.