கார் இடமும் மூடிய கதவும்

மக்களாட்சியின் மாபெரும் ரகசியங்களைக் காத்து நிற்பது மூடிய குழு அறையின் கதவுதான். கனடா நாடாளுமன்றம் இருக்கும் ஒட்டாவாவில் அன்று அந்தக் கதவுக்குப் பின்னால், எந்த உறுப்பினர் எங்கே கார் நிறுத்துவது என்று விவாதித்தார்கள்.

போன கூட்டத்துப் பேச்சு பத்திரிகையில் வந்துவிட்டிருந்தது. மூடிய கூட்டத்தில் உறுப்பினருக்கு ஓர் உதவியாளர் உடனிருக்கலாம் என்பது விதி. “இந்த உதவியாளருங்கதான் வெளியில சொல்லியிருக்காங்க. இனி ஒருத்தரும் உள்ள வேண்டாம்” என்றார் குழுத் தலைவர். முடி வெட்டிக்கொள்ளும்போது கடைக்காரரிடம் உளறியது தான்தான் என்று உறுப்பினர் லார்ன் ஹாகர்ட்டிக்குத் தெரியும். ஆனாலும் தலைவர் சொன்னதற்கு முதலில் கை தூக்கியவர் அவரே.

அவருடைய உதவியாளர் ஒடீல் எழுந்தாள். “என் மேலயா சந்தேகம், லார்ன்?”

“சேச்சே! குழுவோட முடிவு அப்படி, நான் என்னம்மா பண்றது?”

“அப்ப உங்க காது ஏன் இப்படிச் சிவக்குது?”

கதவு மூடியது. எதற்குக் கை தூக்க வேண்டும் என்று காதில் சொல்ல இப்போது ஆளில்லை. ஒடீலின் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்த ஹாகர்ட்டி, எல்லோரும் தூக்கியபோது தானும் தூக்கினார். அவருடைய கார் இடம் தலைவருக்குப் போனது.

மறுநாள் முதல் அவர் பேருந்தில் வருகிறார். ஒடீலும் அதே பேருந்தில்தான் வருவாள். அவர் காது தினமும் சிவக்கிறது.