கள்ளு விடாத ரொட்டி

பனையிலிருந்து விழுந்தவன் பிழைப்பதே பெரிய பாடு. ஞானையன் பிழைத்துக்கொண்டான், வலது முட்டிதான் மடங்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. நாற்பது வயதுக்குமேல், மூன்று பெண்மக்களையும் வைத்துக்கொண்டு, மடங்காத முட்டியோடு ஒரு பனையேறி என்ன செய்வான்? மைத்துனன் கையை எதிர்பார்த்து உட்காரலாம். ஞானையன் அதற்கு ஆளில்லை. நாகர்கோவிலுக்குப் போய் ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த 1930களில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர்கள் தின்பது என்றுதான் ஊரில் பேச்சு.

தொழில் சொல்லித்தந்த ராஜையனுக்கு இவன் வயதில் பாதிதான். "அண்ணாச்சி, மாவைப் பிசையச் சொன்னா பனையைக் கட்டிப் பிடிக்க மாதிரி பிடிக்கேரே!" என்பான். கடையே சிரிக்கும். ஞானையனும் சிரித்துவிட்டு மறுபடி பிசைவான். சிரிப்புக்குப் பயந்தால் வீட்டில் உலை கொதிக்குமா?

ஊருக்குத் திரும்பி ரொட்டி அடுப்பு கட்டினான். மனைவி ராகேல் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். ரொட்டி ஓடாவிட்டால் இனி விற்க வீட்டில் எதுவும் இல்லை.

எதிலும் முதல் பலன் சபைக்கு, அது வழக்கம்; முதல் ரொட்டியும் சபைக்குப் போனது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த தேங்காய், முட்டை, வாழைக்குலையை எல்லாம் உபதேசியார் வாசலில் நின்று ஏலம் விடுவார். ரொட்டியை உயர்த்திப் பிடித்தார். மணமென்றால் அப்படி ஒரு மணம்!

"நல்லா பொங்கியிருக்கே! என்ன விட்டீரு ஓய்?"

"கள்ளு," என்றான் ஞானையன், ராஜையன் சொல்லித்தந்ததை அப்படியே.

போச்சு! சபைக்கும் கள்ளுக்கும் ஏழாம் பொருத்தம். பதனி புளித்துக் கள்ளாகிவிடக் கூடாதென்று, சுண்ணாம்பு தடவாமல் ஒருநாளும் கலயம் கட்டாதவன் இவன். பனையில் இருந்தவரை தொடாத கள்ளை, பனையை விட்டு இறங்கிய பிறகு தொட்டிருக்கிறான் பாவி! தொழில் படிக்கிற அவசரத்தில் அது தப்பாகவே தோன்றவில்லை.

சத்தியபாய் எழுந்தாள். கள்ளுக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள். "கர்த்தருக்க வாசல்ல கள்ளுரொட்டியா? தூக்கிப் போடும் அந்தால!"

ஒருவரும் ஏலம் கேட்கவில்லை.

"எனக்க அண்ணன் தோட்டத்துக்குக் காவலுக்காவது போங்களேன்," என்று வீட்டில் ராகேல் அழுதாள்.

"போவ மாட்டேன். கள்ளு இல்லாம மாவு பொங்காதுன்னு கர்த்தரா சொன்னாரு? பாத்திருவோம்."

மாவைக் கரைத்து, கருப்பட்டி தட்டிப் போட்டுப் புளிக்கவைத்தான். முதலில் வந்தது ரொட்டியா, அம்மிக்கல்லா! அடுத்தது அதற்குத் தம்பி. கோழிகூடக் கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தது. விடவில்லை. சட்டியை அடுப்பின் சூட்டோரம் நகர்த்தினான். புளித்த மாவில் ஒரு பிடியை அடுத்த மாவோடு சேர்த்தான். ஒரு விடியலில் மாவு சட்டியைத் தாண்டி எழும்பி நின்றது.

"ஏட்டி ராகேலு, ஓடி வா!"

ஞாயிற்றுக்கிழமை ரொட்டியைத் தொடவே உபதேசியார் தயங்கினார். ஞானையன் நொண்டிக்கொண்டே முன்னால் போனான்.

"கள்ளு விட்டது எனக்க தப்பு. இது கருப்பட்டியும் புளிச்ச மாவுமாக்கும். நம்பாட்டா அடுத்த ஞாயிறும் கொண்டு வருவேன். அதுக்கு அடுத்ததும் வருவேன்."

சத்தியபாய் விறுவிறுவென்று வந்து ரொட்டியை வாங்கி மோந்தாள். கள்ளு வாடையோடு குடும்பம் நடத்தியவளுக்கா தெரியாது? சபையே அவள் முகத்தைப் பார்த்து நின்றது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மெல்ல மென்றாள்.

"உப்பு போதாது," என்றபடி சேலை முந்தியில் முடிந்திருந்த காசை அவிழ்த்தாள். "உபதேசியாரே, இது எனக்கு. ஓய் ஞானையன், நாளையிலேருந்து காலம்பற எனக்க வீட்டுக்கு ஒண்ணு கொண்டாரும்."



"உப்பு கூட்டிப் போடுதேன் அக்கா," என்றான் ஞானையன்.