நடந்து போன கொடிகள்

ராச்சா மலையில் தொமேந்தியின் தோட்டத்திலிருந்த முப்பத்தொரு முஜுரெதூலித் திராட்சைக் கொடிகள், அவன் மனைவி சியாலா ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இத்தாலிக்குப் பஸ் ஏறிய மறுநாள் காலை வேரைப் பிடுங்கிக்கொண்டு மேற்கே நடக்கத் தொடங்கின. நாளைக்கு ஒரு பர்லாங்கு. பனிக்காலத்தில் நின்ற இடத்திலேயே தூக்கம்.

கல்யாணத்தின்போது அவள் அப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கொடிகள் அவை. தொமேந்தியின் அலெக்சாந்த்ரௌலித் திராட்சையும் அவற்றின் பழமும் ஒரே தாழியில் புளித்தால்தான் குவான்ச்கரா ஒயின். அலெக்சாந்த்ரௌலி மட்டும் என்றால் குடிப்பவனோடு சண்டைக்கு நிற்கும்.

குற்றம் பக்கத்து வீட்டு உஷாங்கியுடையது என்றது ஊர். வழியனுப்பு விருந்தில் ஒவ்வொரு கோப்பைக்கும் வாழ்த்துச் சொல்லும் தலைவன் அவன்தான். பதினாலாவது கோப்பை இறந்தவர்களுக்கு. ரொட்டித் துண்டில் ஒயினைச் சொட்டியபடி பேர்களை அடுக்கிவந்தவன், நாக்குத் தடித்துப்போய் சியாலாவையும் சேர்த்துவிட்டான். எதிரே உட்கார்ந்து பீன்ஸ் அடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தவள், “இன்னும் இருக்கேன்யா, ரொட்டி தீரட்டும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சொன்ன வாழ்த்தைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. குடித்தார்கள்.

தொமேந்தி கொடிகளைக் கம்பியால் கட்டினான், கம்பியோடு நடந்தன. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். தண்ணீர் கண்ட தெம்பில் அன்று இரண்டு பர்லாங்கு போயின. பிறகு அவன் விட்டுவிட்டான். அறுப்புக் காலத்தில் கூடையோடு பஸ் ஏறி, கொடிகள் எங்கே நிற்கின்றனவோ அங்கே இறங்கிப் பறித்துவந்தான். முதல் வருஷம் கணவாயில். இரண்டாம் வருஷம் குத்தாயிசி நகரத்தில், ஒரு பல் வைத்தியர் வாசலில்.

“எப்ப வர்றே?” என்று போனில் கேட்பான்.

“கிழவிக்கு என்னை விட்டா நாதியில்லை. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

நாலாம் வருஷம் கொடிகள் பொத்தித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடலில் இறங்கின. தொமேந்தி கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அலையில் நின்றான். நீச்சல் தெரியாது. பாஸ்போர்ட்டும் இல்லை. கடைசிக் கொடியின் இலையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். அது இழுத்துக்கொண்டு போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து சியாலா போனில் கூப்பிட்டாள். “இங்க பாரி ஊர்ல நம்ம கொடி வந்து நிக்குது, தொமேந்தி. கிழவி வீட்டு முற்றம் பூரா. யார் நட்டதுன்னு கிழவி என்னைத் திட்டுறா.”

“காய்ச்சிருக்கா?”

“காய்ச்சிருக்கு.”

“அப்ப பிழி.”

அந்த வருஷம் அவன் அலெக்சாந்த்ரௌலியை மட்டும் பிழிந்து, மண்ணில் புதைத்த தாழியைக் கழுத்துவரை நிரப்பி, களிமண்ணால் மூடினான். வசந்தத்தில் திறந்தபோது பாதிதான் இருந்தது. உஷாங்கி எட்டிப் பார்த்தான். “தாழி ஓட்டையாண்ணே? இல்லை, யாருக்கும் தெரியாம உறிஞ்சிட்டியா?” தாழியில் கீறல்கூட இல்லை. மண்ணும் காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. “நான் அரைப் பீப்பாய்தான் ஊத்தினேன். திறந்தா விளிம்புவரை நிக்குது. நம்ம வீட்டு ருசி அப்படியே.”

“எதோட குடிச்சே?”

“பூண்டுப் பால்ல கோழி வேகவச்சேன். கிழவி மூணு கோப்பை குடிச்சிட்டுப் பாடினா.”

“எப்ப வர்றே?”

“அடுத்த வருஷம் பாக்கலாம்.”

மிச்சமிருந்த பாதியை அவனும் உஷாங்கியும் புகை போட்ட பன்றித் தொடையோடு முகம் சுளித்துக் குடித்தார்கள். அடுத்த அறுப்பில் தொமேந்தி தாழியைக் கழுவி, மறுபடியும் கழுத்துவரை நிரப்பினான். வழியில் சிந்தினால் என்ன செய்வது என்று மேலே இன்னும் ஒரு செம்பு ஊற்றி மூடினான்.