அப்பா என் முகத்தைத்தான் பார்ப்பார்

எதிராளியைக் கண்டு நான் என்றைக்கும் பயந்ததில்லை. பயமெல்லாம் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பாவைக் கண்டுதான்.

போச்சியா ஆட்டத்தில் வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் யாருடைய பந்து நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காத என்னைப் போன்றவர்கள், சக்கர நாற்காலியில் இருந்தபடி, நெற்றியில் கட்டிய கம்பியால் தட்டிப் பந்தைச் சறுக்குப் பலகையில் உருட்டுவோம். நாங்கள் சொல்கிற பக்கம் பலகையை நகர்த்திப் பிடிக்க ஒரு ஆள் உண்டு. அந்த ஆள் களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். திரும்பவும் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. பதினோரு வருஷமாக எனக்கு அந்த ஆள் அப்பா அமதேயு. போர்ட்டோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

களத்தைப் பார்க்க முடியாத மனிதர் வேறு எதைப் பார்ப்பார்? என் முகத்தைத்தான். என் உதடு கோணினால் பந்து தவறிவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார். உடனே கை நடுங்கும், பலகை நகரும். என் முகமோ சும்மா இருக்கும்போதே பத்துக் கோணல் கோணும். அதனால் ஆட்டம் முழுக்க முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வேன். அடக்க அடக்கக் கழுத்து விறைக்கும். கழுத்து விறைத்தால் கம்பி தவறும். "மனசை லேசா விடும்மா" என்று உபதேசம் செய்த மனநல ஆலோசகரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதையும் அடக்கினேன், அப்பா பக்கத்தில் இருந்தாரே.

அன்று காலை போவோவா அரங்கில் அப்பா காபி வாங்கப் போனதும் பயிற்சியாளர் கிட்டேரியா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டியா, இல்லியா?"

"இல்ல."

"ஏண்டி பெனடிட்டா, ஒரு மாசமா இதே பாட்டு! இன்னிக்கு ஜெயிச்சா தேசிய அணித் தேர்வு. பலகை பிடிக்கப்போறது யாருன்னு ஆட்டம் முடிஞ்ச கையோட எழுதிக் கொடுக்கணும். நொயேமியா எப்பவோ ரெடி. நீ சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

"வேணாம். நானே... சொல்றேன்."

நொயேமியா எங்கள் சிகிச்சை மையத்தில் வேலை பார்ப்பவள். பயிற்சியில் அவள் என் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள், பலகையைத்தான் பார்ப்பாள். அப்பாடா, என்ன சுகம்!

அப்பாவிடம் சொல்ல எத்தனை தடவை ஆரம்பித்திருப்பேன்! ஒரு வாக்கியத்தை முடிக்க எனக்கு அரை நிமிஷம் ஆகும். "அப்பா, இனிமே... பலகைய..." என்பதற்குள் முந்திக்கொள்வார்: "துடைக்கணும், அவ்ளோதானே? துடைச்சிட்டேன் கண்ணு!" என் பேச்சு முழுசாகப் புரிகிற ஒரே மனிதர் அவர். முழுசாகக் கேட்காத ஒரே மனிதரும் அவர்தான். ஆத்திர ஆத்திரமாக வரும்.

கடைசிச் சுற்று. பக்கத்து நகரமான பிராகாவிலிருந்து வந்த வால்தெமாரும் நானும் மூன்றுக்கு மூன்று. அவனுடைய பந்துகள் தீர்ந்துவிட்டன. அதில் ஒரு நீலப்பந்து வெள்ளைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. என்னிடம் மிச்சம் ஒரே ஒரு சிவப்புப் பந்து, ஒன்றரை நிமிஷம். அப்பாவின் மேலுதட்டில் வேர்வை. அந்தக் கண்கள் என் மேலேயே. என் கழுத்து பூட்டிக்கொண்டது. ஜெயித்தால் கிட்டேரியா படிவத்தோடு வந்து போட்டு உடைத்துவிடுவாள். தோற்றால் இதே கண்கள், இதே கல்முகம், இன்னொரு வருஷம். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

அப்போதுதான் உறைத்தது. இங்கே இவர் வாயைத் திறக்க முடியாது!

பலகையை நகர்த்தச் சொல்ல மட்டும்தான் எனக்குப் பேச அனுமதி. ஆனால் என் குழறல் நடுவருக்கு எங்கே புரியப்போகிறது?

"இடது பக்கம்... அரை விரல்," என்றேன். நகர்த்தினார். அதே குரலில் தொடர்ந்தேன். "அப்பா... இனிமே... பலகைய... நொயேமியா... பிடிக்கட்டும்."

அவர் வாய் திறந்தது. ஓரக்கண்ணால் நடுவரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"நீங்க... என் மூஞ்சியவே... பாக்கறீங்க. எனக்கு... மூச்சு முட்டுது."

என் நேரத்தில் இன்னும் இருபது வினாடிதான் மிச்சம்.

"இன்னும்... கொஞ்சம் இடது."

நகர்த்தினார். கை நடுங்கவில்லை. பிறகு தலையைக் குனிந்து பலகையையே பார்த்தபடி இருந்தார்.

என்னை யாரும் பார்க்கவில்லை. முகத்தை விட்டுவிட்டேன். உதடு, புருவம், தாடை எல்லாம் இஷ்டத்துக்குக் கோணின. கழுத்து திறந்தது. தட்டினேன். சிவப்பு உருண்டு, நீலத்தை உரசிக்கொண்டு போய், வெள்ளையின்மேல் சாய்ந்து நின்றது. சிவப்புக்கு ஒரு புள்ளி என்று நடுவர் கை காட்டினார். அரங்கமே கத்தியது. நான் வாய்விட்டு அழுதேன்.

என் அழுகைச் சத்தத்தில் அப்பா நிமிர்ந்தார். இனி திரும்பிப் பார்க்கலாம், பேசலாம். அவர் திரும்பவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து என் மோவாயைத் துடைத்தார்.

"அழாத கண்ணு. தோத்தா தோத்துட்டுப் போறோம். நீ சொன்னதுதான் சரி. அடுத்த தடவ அந்தப் பொண்ணு பிடிச்சா ஜெயிச்சிடுவ."

அவர் பிடித்த பலகையில்தான் ஜெயித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.